நடுவில் நிற்கும் குரல்

அந்த வீட்டில் பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு மூன்று. பத்து வயதில் ஒருத்தி எப்படிப் பெரியவளாவாள் என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வீட்டில் எது உடைந்தாலும் கறுப்பு டேப் சுற்றிச் சரிசெய்துவிடுவார். மூக்குக்கண்ணாடியில் டேப், துடைப்பத்தில் டேப், குடைக்கம்பியில் டேப். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பெரியவளின் செருப்பு வார் அறுந்தது. அதற்கும் டேப் சுற்றி அனுப்பிவைத்தார். சாயங்காலம் வரை தாங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா குழந்தைகள் பள்ளியில் பாட்டு டீச்சர். வீட்டிலும் பாடிக்கொண்டேதான் இருப்பாள். சின்னவனைத் தூங்கவைக்க அவளே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது.

கதவும் தூங்கியாச்சு, ஜன்னலும் தூங்கியாச்சு,
கதவுக்குப் பின்னால செருப்பும் தூங்கியாச்சு...

இப்படியே வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தூங்கும். வாளி தூங்கும், வாளிக்குள் குவளை தூங்கும். பாதித் தூக்கத்தில் சின்னவன் கண்ணைத் திறக்காமலே, "சீப்பு?" என்று கேட்பான். தினமும் கேட்பான். சீப்பின் மேல் அவனுக்கு அப்படி என்ன அக்கறையோ தெரியாது. அம்மா சீப்பையும் தூங்கவைப்பாள், அதோடு அவனும் தூங்கிவிடுவான்.

அந்த அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. மெல்ல மெல்லப் பேச்சு திரும்பும். பாட்டு வருமா என்று அம்மா கேட்டாள். டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி. மண்டபங்களில் மைக்கும் ஸ்பீக்கரும் வைப்பது அவர் தொழில். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், மூன்று மைக், ஒரு கிடார் என்று ஒரு வண்டிச் சாமானோடு வந்து இறங்கினார். "அக்கா, அந்தத் தூங்கவைக்கிற பாட்டைப் பாடு. பத்திரமா பிடிச்சு வச்சுக்கலாம்" என்றார்.

கிடாருக்கு இடப்பக்கம் ஒரு மைக், வலப்பக்கம் ஒரு மைக், அம்மாவின் வாய்க்கு நேரே ஒரு மைக். மாமா வாசித்தார், அம்மா பாடினாள். குவளை தூங்கிய பிறகு அம்மா சட்டென்று நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாடினாள். அடி மறந்துவிட்டதோ என்று மாமா நினைத்தார். அந்த வெற்றிடத்தை வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்று முழுக்க மாமா கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. அம்மாவின் குரலுக்கு மட்டும் கொஞ்சம் எதிரொலி சேர்த்தார். பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏன், எதற்கு என்று நச்சரித்தாள். மாமாவும் சலிக்காமல் பதில் சொன்னார். கம்ப்யூட்டருக்குள் சவுண்ட் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் மூன்று ஓட்டைகள். ரோஸ் நிறம் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே வர, பச்சை சத்தம் வெளியே போக. பச்சையிலிருந்து ஒரு வயரை எடுத்து அவர் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தார்.

ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் ஹெட்போனுக்கென்று ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஹெட்போனின் பின்னோ ஒல்லி. அதனால் ஒல்லிப் பின்னை ஒரு தடிமனான கன்வர்ட்டர் பின்னுக்குள் செருகி, அதை ஓட்டையில் செருகினார். ஸ்பீக்கர்களை இணைக்க அவருக்கு நேரமில்லை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோடு அவர் அன்றே கிளம்ப வேண்டும். திரும்பி வந்து இணைக்கிறேன் என்று அவற்றை மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா வீட்டுக்கு வந்தாள். வீடு மட்டும் வேறு யார் வீடோ போல ஆகிவிட்டது.

அம்மா விரலால் தட்டிப் பேசினாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அப்பாவும் பெரியவளும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். அப்பாவுக்குச் சோற்றில் உப்பு கூடிவிட்டதா என்றுகூட ஒரே தட்டில் தெரிந்துவிடும்.

சின்னவனுக்குத்தான் எதுவும் புரியவில்லை. முதல் நாள் அம்மாவின் மடியில் ஏறி, பாடச் சொன்னான். அம்மா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பாடு என்று மறுபடி சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பிறகு அம்மாவிடம் போவதையும் நிறுத்திவிட்டான். அம்மா கையை நீட்டினால் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"அம்மா என்கூட காய் விட்டுட்டா" என்று அக்காவிடம் சொன்னான். "நான் ஒண்ணும் பண்ணல."

அம்மா காய் விடவில்லை, அவளுக்குத் தொண்டையில் புண் என்று பெரியவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், நம்பவில்லை. இதையெல்லாம் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அம்மா மாமாவின் கம்ப்யூட்டரைக் காட்டினாள். பாட்டைச் சின்னவனுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன்பு, தான் ஒருமுறை கேட்டுவிட விரும்பினாள். அப்பா எல்லாவற்றையும் தயார் செய்தார். சின்னவன் வயரைப் பிடித்து இழுத்துவிடுவான் என்ற பயத்தில், ஒல்லிப் பின், கன்வர்ட்டர், ஆம்ப்ளிஃபயரின் முகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினார். யானை இழுத்தாலும் வராது என்று அவருக்கு ஒரே திருப்தி.

அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பெரியவள் பாட்டைத் தட்டிவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா காத்திருந்தாள். தலையைச் சாய்த்து இன்னும் கவனமாகக் கேட்டாள். பிறகு அவள் முகம் மெல்ல வாடியது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு முறை தட்டினாள்.

இல்லை.

அப்பா கேட்டார், பெரியவளும் கேட்டாள். கிடார் அழகாகக் கேட்டது, அம்மாவின் குரல் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை கிடார் மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டு, ஹெட்போனைப் போனின் வாயருகே வைத்துக் காட்டினார்கள். மாமா கடைசிவரை கேட்டார். அன்றைக்கு அவர் இரண்டு பதிவுகள் செய்திருந்தாராம். ஒன்று குரலோடு, இன்னொன்று வெறும் கிடார். இடத்தை அடைக்கிறதே என்று கிளம்பும் அவசரத்தில் ஒன்றை அழித்தார், ஒவ்வொரு மைக்கிலும் தனித்தனியாகப் பிடித்ததையும் அழித்தாராம்.

"மாத்தி அழிச்சுட்டேன் போலிருக்கு மச்சான்" என்றார். "எங்க அக்கா குரலை நானே அழிச்சுட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குரல் இருந்த தொண்டையிலும் இல்லை, பிடித்துவைத்த இடத்திலும் இல்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து டேப் உருளையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். டேப்பால் ஒட்ட முடியாத ஒன்றை அவர் அன்றுதான் பார்த்தார்.

மறுநாள் பள்ளி விடுமுறை. பெரியவள் மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அம்மா பாடிய அன்று அதே அறையில் இருந்தவள் அவள். கிடாரைக் கேட்டால் அம்மா பாடியது நினைவில் வரும் அல்லவா? அதற்காகத்தான் கேட்டாள்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடுக்கிட்டாள். கிடாருக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. மூடிய குளியலறைக்குள் யாரோ பாடினால் நடையில் கேட்குமே, அதுபோல. ஒவ்வோர் அடி முடியும் இடத்திலும் "ஆச்சு" என்பதன் வால் மட்டும் வந்து தேய்ந்தது. பாட்டை முதலிலிருந்து போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுபடியும் அது வந்தது.

ஓடிப்போய் மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, கிடாருக்கும் எதிரொலி சேர்த்தீங்களா?"

"இல்லம்மா. உங்க அம்மா குரலுக்கு மட்டும்தான்."

தனக்கு எதிரொலி கேட்கிறது என்று அவள் சொன்னாள். மாமா பெருமூச்சு விட்டார். மனசு ஆசைப்பட்டால் காதில் அப்படித்தான் விழும் என்றும், தனக்கே நேற்று முழுக்க அக்கா குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்றும் சொன்னார். மேடையில் யாரோ அவரைக் கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

பெரியவள் சமாதானமாகவில்லை. குரலுக்கு மட்டும்தான் எதிரொலி. வெறும் கிடார் பதிவு என்றால் எதிரொலி எங்கிருந்து வந்தது? நிழல் விழுகிறது என்றால் ஆள் அங்கேயேதான் நிற்கிறது. அப்படியானால் குரல் அழியவில்லை. கம்ப்யூட்டருக்கும் தன் காதுக்கும் நடுவில் எங்கேயோ அது தவறிப்போகிறது.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். தூசியில் இரண்டு தும்மல் போட்டாள். சவுண்ட் கார்டில் வயர் பச்சை ஓட்டையில்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை. அந்த வயரின் மறுமுனை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு பின்களாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் சரியாகவே இருந்தது. மிச்சம் இருந்தது முன்பக்கம் ஒன்றுதான், அங்கே அப்பாவின் டேப் உருண்டை.

அப்பா ஆசையாகச் சுற்றியது. கை வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பிரிக்க ஆரம்பித்தாள். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது.

கடைசிச் சுற்றில் கண்டுபிடித்தாள். டேப்பின் ஒரு மடிப்பு ஒல்லிப் பின்னுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் பின் ஓர் அரிசி அளவு வெளியே நின்றது. நின்ற இடத்திலேயே அசையாதபடி அப்பா அதை இறுக்கிக் கட்டியிருந்தார். மடிப்பை உருவி எடுத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னை அழுத்தினாள்.

டக்.

"வாளியும் தூங்கியாச்சு..." என்றாள் அம்மா, அவள் தலைக்கு நட்டநடுவில்.

பெரியவள் கத்தவில்லை, துள்ளிக் குதிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். அவர் பார்வை தரையில் கிடந்த டேப்பின் மேலும், அவள் கையிலிருந்த பின்னின் மேலும் மாறி மாறிப் போனது. அவரிடம் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் சுத்துனதுதானா?" என்றார்.

"சின்னவன் இழுத்துடக் கூடாதுன்னுதானேப்பா சுத்துனீங்க" என்று சொல்லி, அவள் ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

அம்மா வர மறுத்தாள். கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு, மறுபடியும் இரண்டு தட்டு. பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவைம்மா, எனக்காக" என்றாள். அம்மா எழுந்து வந்தாள். ஹெட்போனை மாட்டினாள். இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிந்த பிறகும் கழற்றாமல் இருந்தாள். கண்ணீர் முகவாய் வரை வழிந்தது, துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. அப்படி நிம்மதியாக அழுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னபோது அவரும் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கிறதே, அது பின்னை மூன்று துண்டாகப் பிரிக்கிறது என்று விளக்கினார். ஒன்று இடக்காதுக்கு, ஒன்று வலக்காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் வழி. பின் சரியாக உட்காராவிட்டால் அந்த வழி அறுந்துவிடும். அப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், வேறு வேறாக இருப்பது மட்டும் மிஞ்சும். கிடார் இரண்டு மைக்கில் வேறு வேறாகப் பதிந்தது. அவர் சேர்த்த எதிரொலியும் இரண்டு பக்கமும் வேறு வேறுதான்.

"அம்மா குரல்?"

"அதை ரெண்டு பக்கமும் சரிசமமா வச்சேன். அப்படி வச்சாத்தான் குரல் நடுவுல நிக்கும்."

நடுவில் என்றால் எங்கே என்று பெரியவள் கேட்டாள். ஹெட்போனில் தலைக்கு நடுவில், ஸ்பீக்கரில் என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் என்றார் மாமா. அங்கே ஒன்றுமே இருக்காது, ஆனால் ஆள் நின்று பாடுவது போலவே கேட்கும்.

பெரியவள் மூலையில் இருந்த ஸ்பீக்கர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஸ்பீக்கரை எப்படி மாட்டுறதுன்னு இப்பவே சொல்லுங்க மாமா" என்றாள்.

மாமா போனிலேயே சொல்லிக்கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப்போனாலும் குரல் நடுவில் நிற்காது, அறையெல்லாம் சிதறிவிடும். பெரியவள் ஒவ்வொரு வயரையும் கொடுத்த பிறகு குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். அப்பா வயர்கள் அசையாமலிருக்க டேப்பைக் கையில் எடுத்தார். அம்மா மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். அவர் டேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம், சின்னவன் தூங்கும் நேரம். பெரியவள் ஒரு ஸ்பீக்கரை ஜன்னல் ஓரமும் இன்னொன்றை அலமாரி ஓரமும் வைத்தாள். சரியாக இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் அம்மாவை உட்காரவைத்தாள். சத்தம் ஸ்பீக்கருக்குப் போவதற்காக ஹெட்போன் பின்னை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவிவிட்டுப் பாட்டைத் தட்டினாள்.

கிடார் அறையின் இரண்டு பக்கமும் விரிந்தது. பிறகு, "கதவும் தூங்கியாச்சு..."

சின்னவன் நடையில் ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டுவது நின்றது. கதவோரம் வந்து எட்டிப் பார்த்தான். அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, அலமாரிப் பக்கமும் பார்க்கவில்லை. குரல் வந்த இடத்தை நேராகப் பார்த்தான். அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மெல்ல நடந்து அவளருகே போனான். அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். அது மூடியிருந்தது.

"அம்மா வாயை மூடிக்கிட்டே பாடுறா" என்று அக்காவிடம் சொன்னான்.

"தொண்டையில புண்ணுல்ல. அதனால முன்னாடியே உனக்காகப் பாடி வச்சுட்டா" என்றாள் பெரியவள்.

அவன் யோசித்துப் பார்த்தான். அது அவனுக்குச் சரியாகவே பட்டது. மடியில் ஏறி, அம்மாவின் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு, இரண்டு விரலை நீட்டினான்.

"பழமா?"

அம்மா தன் இரண்டு விரலால் அவன் விரல்களைத் தொட்டாள். பிறகு அவன் முதுகில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தட்டு இந்த முறை அவனுக்குப் புரிந்தது.

செருப்பு தூங்கியது, வாளி தூங்கியது, வாளிக்குள் குவளையும் தூங்கியது. அதற்கப்புறம் அம்மாவின் குரல் நின்றது. மாமா வெட்டி எடுக்கக் கேட்ட அந்த வெற்றிடம் வந்துவிட்டது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சீப்பு?" என்றான் சின்னவன், கண்ணைத் திறக்காமலே.

"சீப்பும் தூங்கியாச்சு" என்று பாடினாள் அம்மா.